வெண்ணெய் திரளாத நாள்: அயர்லாந்தின் ஸ்லீவ் லூக்ரா வட்டாரத்து வேலையும் நம்பிக்கையும்

அயர்லாந்து கிராமத்துப் பழங்கதைகளைப் படிப்பவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் முட்டிக்கொள்வார்கள். மே மாதம் முதல் தேதி பக்கத்து வீட்டுக்காரி வெண்ணெயைத் திருடிவிட்டாள் என்று கதை சொல்லும்; ஆனால் அவள் அந்த வீட்டுப் பால் அறைக்குள் கால்கூட வைத்திருக்க மாட்டாள். இது என்ன திருட்டு, அந்த ஊர்களில் அன்றாடப் பிழைப்பு எப்படி ஓடியது என்பதுதான் கேள்வி. திருடுபோனதாகச் சொல்வது வெண்ணெய்க் கட்டியை அல்ல, வெண்ணெய் திரளும் பலனை. பால் வழக்கமான அளவுக்கே கறக்கும், பாலேடும் வழக்கம்போலப் படியும், கடைந்தால் மட்டும் நுரைதான் வரும். அந்தப் பலன் வேறொரு வீட்டின் கடையும் பீப்பாய்க்குப் போய்விட்டது என்று நம்பினார்கள். ஏன் அப்படி நம்பினார்கள் என்பது வெண்ணெய் எடுக்கும் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

நாடு முழுவதற்கும் சேர்த்துச் சொன்னால் எதுவும் பிடிபடாது. ஒரு வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தென்மேற்கில் கெர்ரி, கார்க் ஆகிய இரண்டு கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல்லையில் கிடக்கும் ஸ்லீவ் லூக்ரா. பேருக்குக் கோரைமலை என்று அர்த்தம். வரைபடத்தில் இதற்கு எல்லைக்கோடு கிடையாது. ரத்மோர், க்னீவ்கில்லா, நாக்நக்ரீ, பாலிடெஸ்மண்ட், ஸ்கார்ட்டக்லின் என்ற சின்ன ஊர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தையும் சேர்த்து இப்படிச் சொல்வது வழக்கம். பிளாக்வாட்டர் ஆறு இங்கேதான் பிறக்கிறது. தெற்கே பாப்ஸ் என்ற இரட்டை மலை. ஒன்று 694 மீட்டர், மற்றது 690. இரண்டின் உச்சியிலும் பழங்காலத்துக் கற்குவியல் இருக்கிறது. அனு என்ற பழந்தெய்வத்தின் கொங்கைகள் என்பதே ஐரிஷ் மொழியில் மலையின் பெயர்.

இந்த மண்ணில் தண்ணீர் வடியாது. வருடத்தில் பாதி நாள் மழை. கோதுமை தேறாது, ஓட்ஸும் உருளைக்கிழங்கும் வீட்டுச் செலவுக்கு வரும். புல்லும் கோரையும் மட்டும் கேட்காமலே வளரும். ஆகவே அந்தக் காலத்தில் பிழைப்பு என்றால் பசுதான். அதிலும் கெர்ரி மாடு என்ற கறுப்புநிற நாட்டு இனம்: உடம்பு சிறிது, ஈர நிலத்தில் கால் புதையாமல் மேயும், மோசமான புல்லைத் தின்றும் பால் கொடுக்கும். ஒருவருடைய நிலம் எவ்வளவு என்று ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். "ஆறு பசுவின் புல்" என்பார்கள். அத்தனை பசுவை அது தாங்கும் என்று கணக்கு.

இன்னொரு அலகையும் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தில் நிலத்தின் ஆகச் சிறிய பிரிவுக்கு டவுன்லேண்ட் என்று பேர். பேரில் டவுன் இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில நூறு ஏக்கர், பத்துப் பதினைந்து வீடு, அவ்வளவுதான். தீவு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. 2015இல் ஏர்கோடு என்ற ஏழு எழுத்து அஞ்சல் குறியீடு வரும்வரை கிராமத்து வீடுகளுக்குத் தெருவும் இல்லை, எண்ணும் இல்லை. பெயர், டவுன்லேண்ட், அருகிலுள்ள தபால் நிலையம் என்று எழுதினால் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஒரே டவுன்லேண்டில் ஒரே குடும்பப் பெயரில் நாலு வீடு இருந்தால் தாத்தா பேரையோ தலைமுடி நிறத்தையோ ஒட்டவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நம்பிக்கைகளும் சண்டைகளும் பெரும்பாலும் இந்த அலகுக்குள்ளேயே நடந்தன. வெண்ணெய்த் திருட்டில் சந்தேகம் எப்போதும் வேலிக்கு அடுத்த பக்கம்தான் போகும், பத்து மைல் தள்ளிப் போகாது.

வெண்ணெய் ஏன் இத்தனை பெரிய விஷயம்? காசு அதில்தான் வந்தது. பால் கெட்டுப்போகும், சந்தை தூரம். உப்புப் போட்ட வெண்ணெய் மாதக்கணக்கில் நிற்கும். கார்க் நகர வணிகர்கள் 1770இல் அமைத்த வெண்ணெய்ச் சந்தை உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தைகளில் ஒன்றாக வளர்ந்தது. கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகள்வரை போயிற்று. அதற்கு முன்பே, 1748இல், காசில்ஐலண்டைச் சேர்ந்த ஜான் மர்ஃபி என்ற ஒப்பந்தக்காரர் கெர்ரியிலிருந்து கார்க்குக்கு இந்த மலைகளைக் குறுக்காக வெட்டிச் சாலை போட்டார். இன்றும் அதை வெண்ணெய்ச் சாலை என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் குதிரையின் முதுகில் இரு பக்கமும் ஒவ்வொரு ஃபெர்கின் தொங்கவிட்டு நடக்க வேண்டும். ஃபெர்கின் என்பது 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ வெண்ணெய் பிடிக்கும் மரப் பீப்பாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறத்தாழ 22, 23 லிட்டர் பால் வேண்டும். ஐந்து கெர்ரி மாடு, கோடையின் தொடக்கத்தில் மாட்டுக்கு எட்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 40 லிட்டர். வெண்ணெய் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கையால் ஏடு எடுப்பதில் கொழுப்பு முழுவதும் வராது என்பதையும் சேர்த்தால் ஒரு ஃபெர்கின் நிறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். நிலக்கிழாருக்குக் குத்தகைப் பணம் கட்டும் தவணைகள் பெரும்பாலும் மே மாதத்திலும் நவம்பரிலும் வரும். நடுவில் ஒரு வாரம் வெண்ணெய் திரளாமல் போனால் குத்தகையில் ஓட்டை விழும்.

இனி வேலை. கறந்த பாலைத் துணியில் வடிகட்டி, அகலமான ஆழமில்லாத மரத் தொட்டிகளில் ஊற்றி, வடக்குப் பார்த்த குளிர்ந்த அறையில் 24 முதல் 36 மணி நேரம் அசைக்காமல் வைப்பார்கள். ஏடு மேலே படியும். தட்டையான சிப்பியோ மெல்லிய தட்டோ வைத்து அதை வழித்து ஒரு மண்சாடியில் சேர்ப்பார்கள். மூன்று நான்கு நாள் ஏடு சேர்ந்து லேசாகப் புளிக்கும். புளித்த ஏடுதான் சீக்கிரம் திரளும், மணமும் வரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கடைவார்கள்.

கடையும் பீப்பாய் கீழே அகன்று மேலே குறுகியிருக்கும். மூடியின் நடுவில் ஓட்டை, அதன் வழியே நீண்ட கடைகோல். கோலின் அடியில் துளைபோட்ட மர வட்டு அல்லது சிலுவைப் பலகை. சுழற்றுவதில்லை, மேலும் கீழும் குத்த வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, நிரப்பினால் ஏடு மோதிக்கொள்ள இடமிருக்காது. நிமிடத்துக்கு ஐம்பது குத்து என்ற கணக்கில் அரை மணி, முக்கால் மணி ஆகும். முதலில் ஏடு கனத்து, கோல் இறங்கவே மறுக்கும். பிறகு திடீரென்று சத்தம் மாறும். கொழகொழவென்று கேட்டது சளப்சளப்பென்று ஆகும். கோல் லேசாகும். மூடி ஓட்டையைச் சுற்றித் தெறித்த துளிகளில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். வெண்ணெய் உடைந்துவிட்டது என்று அதற்கு அடையாளம். கோதுமை மணி அளவுக்குத் திரண்டதும் நிறுத்தி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மோரை வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் குத்தினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே மோர் சிக்கிக்கொள்ளும்.

பிறகு கழுவுதல். வடியும் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும்; மோர் தங்கினால் பத்தே நாளில் சிக்கு வாடை. கையால் பிசையக்கூடாது, உள்ளங்கைச் சூட்டில் இளகிவிடும். வரிவரியாய்ச் செதுக்கிய இரண்டு மரத் தட்டைகளால் அழுத்தி அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, பவுண்டுக்கு அரை அவுன்ஸ் முதல் ஓர் அவுன்ஸ் உப்புச் சேர்ப்பார்கள். உப்பு சரியாகக் கலக்காவிட்டால் வெளிறிய கோடுகள் விழும். ரொம்ப நேரம் அழுத்தினால் களிம்பு மாதிரி ஆகிவிடும். ஃபெர்கின் பீப்பாயை முன்கூட்டியே உப்புநீரில் ஊறவைக்காவிட்டால் மரவாடை ஏறும். இவ்வளவும் தாண்டி கார்க் போனால் அங்கே பரிசோதகர் நீண்ட துளைக்கருவியைப் பீப்பாய்க்குள் அடிவரை செலுத்தி எடுத்து, முகர்ந்து பார்த்துத் தரம் போடுவார். முதல் தரம் எதிர்பார்த்துப் போனவருக்கு மூன்றாம் தரம் விழுந்தால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

திரளாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதற்காரணம் சூடு. கோடையில் ஏடு 13 டிகிரி செல்சியஸ் அளவிலும் குளிர்காலத்தில் 16 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். நாலைந்து டிகிரி குறைந்தால் கொழுப்பு இறுகி, ஏடு நுரைத்து உப்பி, மூன்று மணி நேரம் குத்தினாலும் மூடியைத் தள்ளிக்கொண்டு வருமே தவிர திரளாது. கூடினால் சீக்கிரம் திரளும். ஆனால் வெளுத்து எண்ணெய் பிசுபிசுப்பாக இருக்கும், பாதிக் கொழுப்பு மோரோடு போய்விடும். இரண்டாவது, பசு. கன்று போட்டு எட்டு ஒன்பது மாதம் ஆன பசுவின் பாலில் கொழுப்புத் துளிகள் சிறியவை, எளிதில் ஒட்டாது. மடி நோய் இருந்தாலும் அப்படியே. மூன்றாவது, அழுக்கு. பீப்பாய் இடுக்குகளில் பழைய பால் தங்கியிருந்தால் நொதித்து நுரைக்கும். வெப்பமானி இல்லாத வீட்டில் இவற்றில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேற்று வந்தது, இன்று வரவில்லை. அதே பசு, அதே கை, அதே பீப்பாய். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்ற எண்ணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்படிப்பட்ட கெடுவினைக்கும் அதை முறிக்கும் சடங்குக்கும் சேர்த்து அங்கே பிஷோக் என்று பேர். வெண்ணெய் வராதபோது செய்த பரிகாரங்களைப் பாருங்கள். ஏர்க் கொழுவையோ இடுக்கியையோ அடுப்பில் பழுக்கக் காய்ச்சிப் பீப்பாய்க்குள் முக்குவார்கள். திருடியவளுக்கு அந்தச் சூடு சுடும், ஓடி வந்து கதவைத் தட்டுவாள் என்று சொல்வார்கள். பீப்பாயின் அடியில் ஒரு தணலை வைப்பார்கள். கழுதை லாடத்தைப் பீப்பாயில் அடிப்பார்கள். ரோவன் மரக் கிளையை வளையமாக வளைத்துச் சுற்றுவார்கள். குளிர்காலத்து ஏட்டில் பழுத்த இரும்பை முக்கினால் சூடு ஏறி உண்மையிலேயே வெண்ணெய் திரளும். கோடையில் அதையே செய்தால் இன்னும் மோசமாகும். பலித்த தடவைகள் ஊரெல்லாம் பேசப்பட்டன, பலிக்காதவை மறந்துபோயின.

கடையும் நேரத்தில் வீட்டுக்குள் யார் வந்தாலும் "கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைகோலைப் பிடித்து நாலு குத்தாவது குத்த வேண்டும். குத்தாமல் போனவர் பலனை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆகும். வழிப்போக்கருக்கும் இதே விதிதான். முக்கால் மணி நேரம் தோள் வலிக்கக் குத்தும் பெண்ணுக்கு இதைவிட நல்ல விதி வேறு என்ன இருக்க முடியும்? கடைந்து முடியும்வரை நெருப்பு வெளியே போகக்கூடாது என்பது இன்னொன்று. வந்தவர் அடுப்புத் தணலில் சுங்கான் பற்றவைத்தால் புகைத்து முடித்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் வெப்பமானியை வைத்து விளக்கிவிட முடியாது. அப்படி விளக்குபவர்கள் பாதி விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். மே தினத்து, அதாவது மே முதல் தேதியின், நம்பிக்கைகள் வேறு ஒரு கணக்கில் ஓடுகின்றன. ஒரு டவுன்லேண்டில் இருக்கும் அதிர்ஷ்டம் குறிப்பிட்ட அளவுதான், ஒரு வீட்டில் கூடினால் இன்னொரு வீட்டில் குறைந்துதான் ஆக வேண்டும் என்ற கணக்கு அது. பசுக்கள் மாசியிலும் பங்குனியிலும் கன்று போடும்; ஏப்ரல் பாதியில் புல் முளைக்கும்; மே முதல் தேதி மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள், அக்டோபர் கடைசியில்தான் இறங்கும். வருடத்துப் பால் அத்தனைக்கும் வாசல் அந்த ஒரு நாள்தான். ஆகவே திருட்டும் அன்றைக்குத்தான்.

ஏப்ரல் 30 இரவே காவல் தொடங்கிவிடும். விடியுமுன் ஒருத்தி பக்கத்து வீட்டு வயலில் துணியை இழுத்துப் பனியை ஒற்றி எடுத்து, "எல்லாம் எனக்கு வா" என்று முணுமுணுத்தபடி பிழிந்துகொண்டால் அந்த வயல் மேயும் பசுக்களின் வெண்ணெய் அவளுக்கு. கிணற்றில் அன்று முதலில் மேலாக வழித்தெடுக்கும் தண்ணீருக்கும் அதே சக்தி. அதனால் வீட்டில் ஒருவர் இரவு முழுக்கக் கிணற்றடியில் உட்காருவார். மே தினத்தன்று பால், நெருப்பு, உப்பு, தண்ணீர் எதையும் வீட்டை விட்டு வெளியே தரமாட்டார்கள். கேட்டு வருபவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் சந்தேகம்தான். டவுன்லேண்டில் முதலில் புகை கிளம்பும் வீடாக இருக்கக்கூடாது என்று அடுப்பைத் தாமதமாக மூட்டுவார்கள். சதுப்பு ஓரத்தில் பூக்கும் மஞ்சள் பூக்களைக் கதவருகிலும் தொழுவத்திலும் போடுவார்கள். கார்க், கெர்ரி பக்கத்தில் சிக்கமோர் மரத்தின் இளந்தளிர்க் கிளையை வீட்டுக்குள் கொண்டுவருவது வழக்கம். கன்றின் வாலில் சிவப்புத் துணி கட்டுவதும் உண்டு.

முயல் கதையும் இந்த நாளோடு ஒட்டியதே. விடியற்காலையில் முயல் ஒன்று பசுவின் மடியில் பால் குடிக்கிறது. வேட்டை நாய் துரத்திப் பின்காலைக் கவ்வுகிறது. முயல் ஒரு குடிசையின் ஜன்னல் வழியே பாய்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கிழவி ஒருத்தி காலில் ரத்தம் வழியப் படுத்திருக்கிறாள். கெர்ரியில் எந்த ஊரில் கேட்டாலும் இது அந்த ஊரில் நடந்ததாகத்தான் சொல்வார்கள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார், பெண்கள் முயலாகி அயலார் பசுக்களின் பாலை உறிஞ்சுவதாகச் சொல்லும் பேச்சைக் குறித்து வைத்திருக்கிறார். அத்தனை பழசு.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் தனியாக இருக்கும் விதவை, ஒற்றைப் பசு வைத்திருப்பவள். ஒரு பசுவை வைத்துக்கொண்டு இவ்வளவு வெண்ணெய் எப்படி என்று கேட்பார்கள். உண்மையில் ஒரு பசுக்காரி அதைத் தனியாகக் கவனிப்பாள், சின்னப் பீப்பாயைச் சுத்தமாக வைத்திருப்பாள். வெண்ணெய் கூடத்தானே வரும்? அயர்லாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டம் 1586 முதல் 1821 வரை இருந்தது. ஆனால் ஸ்காட்லாந்து மாதிரி விசாரணையும் எரிப்புமாக இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வெண்ணெய்ச் சண்டை நீதிமன்றத்துக்குப் போகாமல் வேலிக்கு வேலி பேசாமை, தேவாலயப் பூசைக்குப் போகும் வழியில் முகம் திருப்பல் என்றே முடிந்தது. அதுவும் சின்னத் தண்டனை இல்லை. அறுவடைக்கு ஆள் கூடும் நாளில் அந்த வீட்டுக்கு மட்டும் யாரும் போகாவிட்டால் வைக்கோல் மழையில் அழுகும்.

வைக்கோல் என்றதும் முட்டை ஞாபகம் வருகிறது. பிறர் வைக்கோல் போரிலோ உருளைக்கிழங்குப் பாத்தியிலோ முட்டைகளையோ இறைச்சித் துண்டையோ ஒளித்து வைத்தால், அது அழுக அழுக அந்த வீட்டுச் செல்வமும் அழுகும் என்பது தென் அயர்லாந்து முழுக்கப் பரவியிருந்த நம்பிக்கை. கண்டெடுத்தால் வெறுங்கையால் தொடக்கூடாது. மண்வெட்டியில் அள்ளி, எரித்து, புனித நீர் தெளிக்க வேண்டும். கோழி தானாகப் போய் வைக்கோலில் முட்டையிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், எண்ணி வைத்தாற்போல் ஒரே இடத்தில் ஏழெட்டு கிடந்தால் பாதிரியாரைக் கூப்பிட்டார்கள்.

மே தினத்துக்குக் கெடுதல் பக்கம் மட்டுமல்ல, கூட்டாகச் செய்யும் நல்ல பக்கமும் இருக்கிறது. பாப்ஸ் மலையின் வடக்கு அடிவாரத்தில், ரத்மோருக்குத் தெற்கே ஷ்ரோன் என்ற இடத்தில், பழைய கல் மதில் வளையம் ஒன்று இருக்கிறது. உள்ளூரில் அதற்கு "சிட்டி" என்று பேர். மே முதல் தேதி அங்கே கூடி, வலம் வந்து, செபம் சொல்லி, கூழாங்கல்லால் பாறையில் சிலுவைக் குறி கீறுவார்கள். பல தலைமுறைகள் அதே இடத்தில் கீறிக் கீறிக் கல்லில் பள்ளமே விழுந்திருக்கிறது. பிறகு கிணற்று நீரைக் குடித்து, கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். முன்பு மாடுகளையே அங்கே ஓட்டி வந்தார்கள். பிறகு நீரை மட்டும் எடுத்துப்போய் மாடுகள்மேல் தெளிப்பதாக ஆயிற்று. மலையோ பழந்தெய்வத்தின் பெயரில், செபமோ கத்தோலிக்கம்; அங்கே வருபவர்களுக்கு இதில் எந்த முரணும் தெரிந்ததில்லை.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்பை அணையவிடுவதே இல்லை. விறகு கிடையாது, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிதான் எரிபொருள், அங்கே டர்ஃப் என்பார்கள். இரவில் பாதி எரிந்த கட்டிகளை ஒதுக்கிச் சாம்பலில் முழுக்கப் புதைத்துவிட்டுப் படுப்பார்கள். சாம்பல் குறைந்தால் விடியுமுன் எரிந்து தீரும். ஈரச் சாம்பலாக இருந்தால் மூச்சுமுட்டி அணையும். காலையில் கிளறினால் சிவப்புத் தணல் இருக்கும், காய்ந்த கட்டிகளைச் சுற்றி நிறுத்தினால் பிடித்துக்கொள்ளும். அணைந்தால் அண்டை வீட்டில் தணல் கேட்க வேண்டும், மே தினத்தன்று அதுவும் கிடைக்காது. கார்க் கவுண்டிப் பக்கத்தில் கல்லன் என்ற ஊரில் சொல்லும் லாட்டீரன் கதையிலும் தணல்தான். இந்தப் பெண் புனிதர் தினமும் கொல்லனிடம் போய்த் தணலை ஏப்ரனில் அள்ளி வருவாராம், துணி கருகாதாம். ஒருநாள் கொல்லன் "உன் பாதம் எவ்வளவு அழகு" என்றான். அவர் குனிந்து பார்த்த அந்த நொடியில் ஏப்ரன் தீப்பிடித்தது. கல்லனில் இனி எந்தக் கொல்லனும் நிலைக்கக்கூடாது என்று சாபமிட்டு மண்ணுக்குள் புகுந்துவிட்டார். இதய வடிவக் கல் ஒன்றை அந்த இடம் என்று காட்டுவார்கள். ஜூலை மாதக் கடைசியில் அவர் பேரில் விழா.

டர்ஃப் வெட்டுவது ஏப்ரல் கடைசியில் தொடங்கும். மேலே உள்ள புல்வேர்த் தோலை முதலில் சீவி எடுத்துப் பள்ளத்தின் அடியில் பரப்புவார்கள். ஸ்லான் என்பது பக்கத்தில் ஒரு செட்டை வைத்த ஒடுக்கமான மண்வெட்டி. ஒரே குத்தில் செங்கல் வடிவில் கட்டி வரும். ஒருவர் வெட்ட, ஒருவர் பிடித்துப் போட, ஒருவர் பரப்ப, மூன்று ஆள் வேண்டும். ஈரக் கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மேலே தோல் பிடித்ததும் ஐந்தாறு கட்டிகளை நிறுத்திச் சாய்த்து, உச்சியில் ஒன்றைப் படுக்கவைத்துக் காற்றாட விடுவார்கள். இந்தக் குனிந்து செய்யும் வேலைதான் முதுகை உடைக்கும். சீக்கிரமே வெட்டிப் பின்பனி விழுந்தால் கட்டி பொடிந்து போகும். ஜூலையில் வெட்டினால் காயாது. முன்பு ஊரெல்லாம் வெட்டினார்கள். இப்போது இயந்திரம் வெட்டிப் பிழிந்து போடுகிறது. 2022 அக்டோபர் 31 முதல் கடையிலும் இணையத்திலும் டர்ஃப் விற்கத் தடை. வெட்டும் உரிமையுள்ள குடும்பங்கள் தங்கள் தேவைக்கு வெட்டலாம்.

சதுப்பின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போய், வடிகால் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 1896 டிசம்பர் 28 விடியுமுன், க்னீவ்கில்லாவுக்கு அருகே நாக்நகீஹாவில், பல நாள் மழைக்குப் பிறகு சதுப்பு உடைந்து கறுப்புக் குழம்பாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் இருந்த வீட்டில் டோனெல்லி குடும்பத்தார் எட்டுப் பேர் இறந்தார்கள். குழம்பு ஃப்ளெஸ்க் ஆறு வழியாகக் கில்லார்னி ஏரிவரை போயிற்று. இயற்கையியலாளர் ராபர்ட் லாயிட் பிரேகர் உள்ளிட்ட அறிவியலாளர் குழு வந்து ஆராய்ந்தது. இந்த ஒரு விபத்துக்கு மட்டும் ஊரில் பிஷோக் காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காரணம் கண்ணெதிரே தெரிந்தால் நம்பிக்கைக்கு அங்கே வேலை குறைவுதான்.

மோர் வீணாகாது. குடிக்க, உருளைக்கிழங்கோடு சாப்பிட, ரொட்டி சுட. அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான மாவு, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மில்லி. அயர்லாந்து கோதுமை மென்மையானது, ஈஸ்ட்டுக்கு ஏற்ற பிசுக்கு இல்லை. சோடாவும் மோரின் புளிப்பும் சேர்ந்துதான் உப்பவைக்கும். பிசையவே கூடாது, திரட்டினால் போதும்; பிசைந்தால் கல். மேலே ஆழமாகச் சிலுவை கீறி, காலுள்ள இரும்புச் சட்டியில் வைத்து, மூடியின்மேல் தணல் கொட்டி முக்கால் மணி நேரம். அடியைத் தட்டினால் வெறுங்கூடு மாதிரி ஒலிக்க வேண்டும். சோடா கூடினால் மஞ்சளடித்துச் சோப்பு வாடை வரும்.

இரவில் அதே அடுப்பைச் சுற்றித்தான் இசை. ஸ்லீவ் லூக்ராவை இன்று வெளியுலகம் அறிவது வெண்ணெயால் அல்ல, போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டுகளால். போல்கா இரண்டு தட்டு, விறுவிறுப்பு. கல் பாவிய சமையலறைத் தரையில் நான்கு ஜோடி ஆடுவதற்கென்றே அமைந்தது. பாட்ரிக் ஓகீஃப் (1887-1963) பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வீடு வீடாக நடந்தே வயலின் கற்றுக்கொடுத்தவர். இசைக்குறி படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்கு கோட்டிடைகளை நான்கு தந்தியாக வைத்து, விரல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. லிஷீனைச் சேர்ந்த டெனிஸ் மர்ஃபியும் தங்கை ஜூலியா கிளிஃபர்டும் அவருடைய மாணவர்கள். 1935இல் பொது நடனக் கூடச் சட்டம் வந்து உரிமம் இல்லாத நடனங்களுக்குச் சிக்கல் ஆனது. வீட்டு நடனம் பல இடங்களில் அதோடு ஒடுங்கியது.

வெண்ணெய்த் திருட்டை ஒழித்தது பாதிரியாரும் அல்ல, பள்ளிக்கூடமும் அல்ல, ஊர்ப் பாலை வாங்கி வெண்ணெய் எடுக்கும் கிரீமரி என்ற ஆலைதான். சுழற்சி விசையால் ஏடு பிரிக்கும் இயந்திரம் வந்தது. 1889இல் லிமரிக் கவுண்டியின் ட்ரம்காலஹரில் முதல் கூட்டுறவுக் கிரீமரி திறந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த வட்டாரமெங்கும் பரவியது. காலையில் கழுதை வண்டியில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போனால் எடை போட்டு, ஏடு பிரித்து, மிஞ்சிய பாலைக் கன்றுக்கும் பன்றிக்கும் திருப்பித் தருவார்கள். வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தில் சாவு, கல்யாணம், மாட்டு விலை எல்லாம் பேசி முடியும். கடைவது பெண்கள் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனதோடு வெண்ணெய்க் காசும் ஆண்கள் கைக்கு மாறியது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு குளிரூட்டும் தொட்டியும் லாரியும் வந்து கிரீமரிப் பயணமும் நின்றுபோனது.

இதையெல்லாம் நேரடியாகப் படிக்க விரும்பினால் 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு திரட்டிய தொகுப்பைப் பாருங்கள். சுமார் 5,000 பள்ளிகள். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். டூகஸ் என்ற இணையதளத்தில் கையெழுத்துப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன; கெர்ரி கவுண்டிக்குள் போய்ப் பள்ளி வாரியாகத் தேடலாம். "கடைதல்" என்ற தலைப்பை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். அதே பள்ளியின் "குறிப்பிட்ட நாட்களின் வழக்கங்கள்", "பண்ணை விலங்குகள்" பகுதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் எந்த நம்பிக்கை எந்த வேலையோடு ஒட்டியது என்று தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறுவீர்கள்: திருடியதாகச் சொல்லப்பட்டவளின் பெயர் அநேகமாக இருக்காது. "ஒரு பெண்" என்றுதான் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அவளுடைய பேரப்பிள்ளை அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாமே.